பிள்ளை பார்ப்பதும் படிப்புத்தான்

(கிழக்கிலுள்ள பல்கலைக்கழகங்களில் பயிலும் மலையக மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கல்முனையில் ஒன்றுகூடியபோது, எமது சங்க அமைப்பாளரும் தோட்டப் பாடசாலை ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரை.)

கூட்டத்துக்கு இடமும் தந்து, காலையிலிருந்து தேநீரும் சாப்பாடும் தந்து உபசரிக்கும் கல்முனை மக்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். இரவு பஸ் ஏறி, மலை இறங்கி வந்திருக்கும் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் வணக்கம். வந்தாறுமூலையிலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் நடுவில் இருப்பதால்தான் இந்த ஊரைத் தெரிவுசெய்தோம். இன்றைய விடயத்துக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்று நான் பேச வந்தது ஒரு படிப்பைப் பற்றி. மனித வளர்ச்சியும் குடும்பமும் என்று அதைச் சொல்லலாம். ஒரு மனிதர் கருவில் தொடங்கி முதுமை வரை எப்படி வளர்கிறார், குடும்பம் அந்த வளர்ச்சிக்கு என்ன செய்கிறது, குடும்பத்துக்கு வெளியே இருப்பவை குடும்பத்தை என்ன செய்கின்றன என்பதுதான் அதன் பாடம். இதை லயத்தில் சொன்னால் முதலில் வரும் கேள்வி எல்லோருக்கும் தெரியும்: "புள்ள வளக்குறதுக்கு கெம்பஸ் போய்த்தான் படிக்கணுமா? ஆயா வேலைக்கு டிகிரியா?"

கேள்வியில் பிழையில்லை. எங்கள் அப்பாயியும் அம்மாயியும் எந்தக் கெம்பஸுக்கும் போகாமல்தான் ஏழெட்டுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆனால் பிள்ளையைத் தூக்கி வளர்ப்பது ஒன்று. அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதுவதும் முடிவெடுப்பதும் இன்னொன்று. எங்கள் பிள்ளைகளைத் தூக்கி வளர்ப்பவர்கள் நாங்கள். அவர்களைப் பற்றி அறிக்கை எழுதுபவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். அந்த இடைவெளியைப் பற்றித்தான் என் பேச்சு முழுவதும்.

படிப்பு வந்த வழி

இந்தப் படிப்பு மனைப்பொருளியலிலிருந்து வளர்ந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட பெண் எலன் ரிச்சர்ட்ஸ். இரசாயனம் படித்தவர். குடிக்கும் தண்ணீர், சாப்பாடு, வீட்டுக் காற்று எல்லாம் விஞ்ஞானத்தின் விடயம்தான் என்று வாதாடியவர். அவரைப் போன்றவர்கள் சேர்ந்து 1909இல் மனைப்பொருளியலுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். சமையலும் தையலும் என்று மற்றவர்கள் சிரித்த துறை அது. போகப்போக, வீட்டுக்குள் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது என்று அந்தத் துறைக்கே விளங்கியது. 1969இல் கோர்னெல் பல்கலைக்கழகம் தன் மனைப்பொருளியல் கல்லூரியின் பெயரை மனித சூழலியல் கல்லூரி என்று மாற்றியது.

நமக்குப் பக்கத்தில், கோயம்புத்தூரில், 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கியது. 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகியது. அதை வளர்த்தெடுத்தவர் ராஜம்மாள் தேவதாஸ். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிவந்து, ஏழைப் பிள்ளையின் தட்டில் என்ன இருக்கிறது என்பதை ஆராய்ச்சியாக்கியவர். பிறகு அந்த நிறுவனத்தின் துணைவேந்தராகவும் வேந்தராகவும் இருந்தார்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு பல பெயர்களில் பிரிந்து கிடக்கின்றது. பாடசாலையில் மனைப்பொருளியல். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், கல்வி பிள்ளைநலத் துறை. ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், சமூகவியல். திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பிள்ளைப்பருவ, ஆரம்பக் கல்வித் துறை. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணிப் பட்டம். ஆகவே பெயரைத் தேடி அலையாதீர்கள். பிள்ளை, குடும்பம், சமூகம் என்ற மூன்று சொல்லும் எங்கே சேர்கின்றனவோ, அங்கேதான் இந்தப் படிப்பு இருக்கின்றது.

மலையும் பிள்ளையும்

இந்தத் துறையில் ஒரு பெயரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: யூரி புரொன்பென்பிரென்னர். மொஸ்கோவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். கோர்னெலில் பேராசிரியராக இருந்தவர். 1979இல் அவர் எழுதிய நூலில் பிள்ளையைச் சுற்றி வட்டங்கள் இருப்பதாகச் சொல்கிறார்.

முதல் வட்டம் பிள்ளை இருக்கும் இடங்கள்: வீடு, பிள்ளைக் காம்பரா, முன்பள்ளி. இரண்டாவது, அந்த இடங்களுக்கு இடையிலான தொடர்பு. மூன்றாவது, பிள்ளை ஒருநாளும் கால் வைக்காத இடம். ஆனாலும் பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இடம். தாய் தகப்பனின் வேலைத்தலம் அதற்கு உதாரணம். நான்காவது, சட்டம், சம்பளம், வழக்கம்.

இதைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை மலைக்குப் போவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், எப்போது பால் குடிக்கும், மாலையில் யார் மடியில் இருக்கும் என்பதை மலைதான் முடிவுசெய்கிறது. இத்தனை கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், இல்லாவிட்டால் அரைப் பேர் என்றால், அந்தக் கிலோக் கணக்கு பிள்ளையின் பால் நேரத்துக்குள்ளும் நுழைகிறது. கடைசி நிறுவை பிந்தினால், பிள்ளைக் காம்பராவில் இருப்பவரும் தாயும் ஒருவரையொருவர் காண மாட்டார்கள். இன்று பிள்ளை சாப்பிட்டதா, காய்ச்சல் இருந்ததா என்று கேட்கவும் சொல்லவும் ஆள் இல்லை. இரண்டாவது வட்டம் அங்கேயே அறுந்துவிட்டது.

என் வகுப்பில் 6ஆம் தரத்தில் படித்த ஒரு பிள்ளை வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருவதில்லை. படிப்பில் அக்கறையில்லாத குடும்பம் என்றுதான் பதிவாகியிருக்கும். விசாரித்தபோது விடயம் வேறு. அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருந்தவர் நீண்ட விடுமுறையில் போயிருந்தார். பதிலுக்கு ஆள் போடவில்லை. தாய் மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. ஆகவே அக்காக்காரி வீட்டில் நின்று தம்பியைப் பார்த்தாள். ஒரு பதில் ஆளின் சம்பளத்தை மிச்சம் பிடித்த கணக்கு, 11 வயதுப் பிள்ளையின் வரவு இடாப்பில் வந்து விழுந்தது. இந்தக் கோட்டை இழுத்துக் காட்டத்தான் படிப்பு வேண்டும். "பாவம், கஷ்டப்பட்ட குடும்பம்" என்று சொல்வதற்குப் படிப்புத் தேவையில்லை.

நான்காவது வட்டமான சட்டத்துக்கு வருவோம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் எங்களுக்கு உரியது. அதன்படி ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு நாளுக்கு இரண்டு தடவை பாலூட்ட இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். சட்டம் எழுதியவர் பிள்ளைக் காம்பரா பக்கத்தில் இருக்கும் என்று நினைத்திருப்பார். மேல் மலையிலிருந்து இறங்கி ஏறவே அரை மணித்தியாலம் போய்விடும் என்பது அந்தத் தாளில் இல்லை.

விடுமுறையைப் பாருங்கள். அரசாங்க ஆசிரியையான எனக்குச் சனி ஞாயிறு நீக்கி 84 வேலைநாள், ஏறக்குறைய 17 வாரம், முழுச் சம்பளத்துடன் பிரசவ லீவு. கொழுந்து பறிக்கும் என் அக்காவுக்கு ஞாயிறும் போயாவும் சேர்த்து 12 வாரம். அதில் 2 வாரம் பிரசவத்துக்கு முன்னால். பிள்ளை பிறந்தபின் மிஞ்சுவது 10 வாரம். உலக சுகாதார நிறுவனமோ 6 மாதம், அதாவது 26 வாரம், தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறது. 10 எங்கே, 26 எங்கே? 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை மூன்றாவது பிள்ளைக்கு 6 வாரம் மட்டும்தான். மூன்றாவது பிள்ளைக்குப் பசி பாதியா?

"பரம்பரை" என்ற பேச்சு

2016ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டங்களில் 100க்கு 32 பேர். இதைச் சொன்னால், "நம்ம ஆளுக பொதுவா கட்டைதானே, பரம்பரை" என்று நம்மவர்களே சொல்வார்கள்.

இதற்கு இந்தத் துறை ஒரு பதில் வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் பிள்ளைகளை அளந்து ஆய்வுசெய்தது. தாய்ப்பாலும் நல்ல உணவும் சுத்தமான சூழலும் கிடைத்த பிள்ளைகள், எந்த நாட்டில் பிறந்திருந்தாலும், 5 வயது வரை ஏறக்குறைய ஒரேமாதிரி வளர்ந்தார்கள். அதை வைத்து 2006இல் புதிய வளர்ச்சி அளவுகள் வந்தன. மருத்துவமாது உங்கள் பிள்ளையின் நிறையைக் குறிக்கும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருப்பது இந்த ஆய்வுதான். இந்தியப் பிள்ளையும் நோர்வேப் பிள்ளையும் ஒரேமாதிரி வளர முடியுமென்றால், நம் பிள்ளைகள் வளராததற்குக் காரணம் இரத்தத்தில் இல்லை. சம்பளத்திலும் தண்ணீரிலும் லயத்திலும் தாயின் ஓய்விலும் இருக்கிறது. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க வேண்டிய ஆய்வு இது.

கல்முனையும் நாங்களும்

இந்த ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சொல்வதாகச் சொன்னேன்.

இந்தக் கரையோரத்தில், முஸ்லிம்களிடமும் தமிழரிடமும், கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போகிறார். வீடும் வளவும் மகளுக்குப் போகும். தாய், மகள், சாச்சி எல்லோரும் அடுத்தடுத்த வளவில் இருப்பார்கள். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இலிருந்து அக்கரைப்பற்றுக்கு வந்து இதை ஆராய்ந்து பெரிய நூலே எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் பெண்தான் புருஷன் வீட்டு லயத்துக்குப் போகிறாள். அந்தக் காம்பராவும் கம்பெனியுடையது. ஒரே மொழி பேசும் இரண்டு சமூகங்களின் குடும்பம் இவ்வளவு வேறாக இருக்கிறது. எது சரியான குடும்பம் என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் படிப்பின் வேலையில்லை. எந்த ஏற்பாட்டில் யாருக்குப் பலம், யாருக்குச் சுமை என்று பார்ப்பதுதான் வேலை. 7 பேர்ச் காணிக்கு உறுதி வரும்போது அதில் யாருடைய பெயர் இருக்க வேண்டும் என்று நாம் யோசிப்பதற்கு, இந்தக் கரையோரத்து உம்மாமாரிடம் கேட்டுப் படிக்க நிறைய இருக்கிறது.

2004 டிசம்பர் 26. கல்முனையில் அந்த நாளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் அதிகமானோர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கும் மேற்பட்டோர். பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும்தான் அதிகம். தாயை இழந்த பிள்ளைகளை மூத்தம்மாமாரும் சாச்சிமாரும் பெரியம்மாமாரும் எடுத்து வளர்த்தார்கள். 2005இல் சுனாமிக்கான விசேட சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கும் இடம் வைத்தார்கள். பிள்ளை யாரிடம் இருப்பது நல்லது, தாயை இழந்த பிள்ளைக்கு எதை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அன்று அவசரக் கேள்விகள். பிள்ளையின் மொழியும் உறவுமுறையும் தெரிந்த, இதையே படித்த ஆட்கள் அனர்த்தத்துக்கு முன்பே ஊரில் இருக்க வேண்டும். அனர்த்தம் வந்தபின் ஆள் தேட முடியாது. மண்சரிவு அபாயத்தில் வாழும் எங்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது, எங்கள் இரு பகுதிக்கும் பொதுவான விடயம். இங்கிருந்தும் தாய்மார் வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறார்கள், அங்கிருந்தும் போகிறார்கள். 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது என்றார்கள். 2022இல், நாட்டில் டொலர் இல்லாமற்போன ஆண்டில், அந்த 5 வயதை 2 வயதாகக் குறைத்தார்கள். பிள்ளையின் தேவை ஒன்பது வருடத்தில் மாறிவிட்டதா, அரசாங்கத்தின் தேவை மாறியதா? தகப்பன் வெளிநாடு போக இப்படி ஓர் அறிக்கை யாரும் கேட்பதில்லை.

தாய் பிரிந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரமாக, ஜோன் போல்பி என்ற பிரித்தானிய மருத்துவர் 1951இல் எழுதிய அறிக்கையைக் காட்டுவார்கள். அவருடன் வேலைசெய்த மேரி எய்ன்ஸ்வேர்த் பிறகு உகண்டாவுக்குப் போய்க் கிராமத்து வீடுகளில் கைக்குழந்தைகளைப் பார்த்தார். தாயோடு ஒட்டியிருக்கும் பிள்ளை தகப்பனோடும் பாட்டியோடும் வேறு உறவுகளோடும் ஒட்டியிருப்பதைக் குறித்து வைத்தார். பிள்ளைக்கு வேண்டியது நிலையாக இருக்கும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் மனிதர். தாய் போனபின் அப்படி ஒருவர் இருக்கிறாரா, அவருக்கு யார் துணை என்பதுதான் அறிக்கையில் எழுத வேண்டிய விடயம். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அப்பாயியைப் பாதுகாவலராகக் காணத் தெரிந்தவர் எழுதும் அறிக்கை ஒன்று. லயத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இட வசதி இல்லை" என்று எழுதும் அறிக்கை வேறு.

படித்தால் வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி இது. பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியோரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்ததை இந்த மாகாணமே பார்த்திருக்கிறது. ஆகவே பட்டம் எடுத்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பதவிகள் இருக்கின்றன: நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவள ஆலோசனை உத்தியோகத்தர். பிரதேச செயலகத்துக்குப் போனால் இந்தப் பெயர்ப்பலகைகளைக் காணலாம். அந்தக் கதிரைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் பிரதேச செயலகத்தில் எண்ணிப் பாருங்கள். போட்டிப் பரீட்சைக்கு இப்போதே ஆயத்தமாகுங்கள். சிங்களமும் படியுங்கள், கோப்பு வாசிக்கத் தெரியாமல் கதிரையில் இருந்து பயனில்லை. ஆண் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும். பிள்ளை பார்ப்பது பொம்பள வேலை என்ற எண்ணம் இருக்கும்வரை அதற்குப் பொம்பளச் சம்பளம்தான் கிடைக்கும்.

அடுத்தது தோட்டத்துக்குள். பிள்ளைக் காம்பரா என்ற பெயர் போய், சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாறியிருக்கிறது. உள்ளே வேலைசெய்பவர் வாழ்க்கையும் மாற வேண்டும். இந்தியாவில் 1975இல் அங்கன்வாடி தொடங்கியது. அங்கே வேலைசெய்யும் பெண்களைத் தொழிலாளர் என்று சொல்லாமல், சம்பளம் என்றும் சொல்லாமல், மதிப்பூதியம் என்று கொடுத்துவந்தார்கள். அவர்கள் சங்கமாகச் சேர்ந்து போராடினார்கள். நீதிமன்றமும் ஏறினார்கள். 2022 ஏப்ரலில் இந்திய உயர் நீதிமன்றம், அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பிள்ளை பார்ப்பது சேவை, அதற்குக் கூலி கேட்கக் கூடாது என்ற வாதம் அங்கே உடைந்தது. இங்கேயும் உடைய வேண்டும்.

ஆகவே சங்கம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகளாக மூன்றைச் சொல்கிறேன். ஒன்று, நிலையங்களில் வேலைசெய்பவர் லீவில் போனால் பதில் ஆள் கட்டாயம் வேண்டும். இரண்டு, அவர்கள் திறந்த பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் படிக்க, சம்பளத்துடன் நேரம் தர வேண்டும். படித்து முடித்தால் சம்பளப் படி உயர வேண்டும். மூன்று, பாலூட்டும் இடைவேளையில் நடக்கும் நேரத்தைக் கழிக்கக் கூடாது. அந்த நேரத்துக்காகக் கிலோவும் குறைய வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடைசி வருடத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதுவீர்கள். நூலகத்தில் பழைய கட்டுரையைப் பார்த்துத் தலைப்பை மாற்றி எழுதாதீர்கள். உங்கள் தோட்டத்துக்குப் போங்கள். எந்த மலையிலிருந்து பிள்ளை நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பிடித்து நடந்து பாருங்கள். எத்தனை தாய்மார் உண்மையில் இரண்டு தடவை இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். எத்தனை அக்காமார் தம்பியைப் பார்க்கப் பாடசாலை வராமல் நிற்கிறார்கள் என்று வரவு இடாப்பைப் பாருங்கள். எழுதி முடித்ததும் ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்குத் தாருங்கள். நிர்வாகத்தோடு பேசப் போகும்போது நாங்கள் கஷ்டத்தைச் சொன்னால் அவர்கள் கணக்கைக் காட்டுகிறார்கள். இனி நாங்களும் கணக்கோடு போக வேண்டும்.

பெற்றோரே, உங்கள் மகள் பிள்ளைநலம் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் "ஆயா வேலையா?" என்று கேட்காதீர்கள். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதப்படும். அதை எழுதும் கை லயத்தை உள்ளிருந்து தெரிந்த கையாக இருக்கட்டும்.